ஓரத்தில் ஒரு முக்கோணம்

"அம்மா, கையை எடு! அந்தப் போர்வையைத் தொட்டே, இப்பவே ஊருக்குக் கிளம்பிடுவேன்!"

கடலில் நனைந்த தலை சொட்டச் சொட்ட மகள் போட்ட கத்தலில், கட்டிலை நோக்கி நீண்ட அம்மாவின் கை பாதியில் நின்றது. இருபத்தாறு வருஷம் ஒரு விடுதியில், யார் யாரோ படுத்தெழுந்த கட்டில்களை விரித்த கை. அது நாலு நாளாவது சும்மா கிடக்கட்டும் என்றுதான், அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கி வேலைக்குப் போன மகள், அம்மா அப்பா இருவரையும் இந்தக் கடற்கரை ஓட்டலுக்கு இழுத்து வந்திருந்தாள்.

சும்மா கிடந்தால்தானே!

"இல்லடி, மூலையைப் பாரு. தொளதொளன்னு தொங்குது. புதுக் கை போல."

"எந்தக் கையா இருந்தா என்ன? கீழே போய் நாலு கேள்வி கேக்கறேன்."

"ஐயோ, வேணாம்டி. என்னை மாதிரிதானே அவளும்."

ஜன்னலோரம் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "அவ்வளவு மோசமாவா இருக்கு?"

குடித்த டம்ளரை நகர்த்தி வைத்தறியாத மனிதர். முழங்கால் வலி என்று கடலுக்கும் வராமல் அறையிலேயே கிடந்தார்.

"நீங்க இங்கதானே இருந்தீங்க? யாருப்பா வந்து விரிச்சது?"

"கண் அசந்துட்டேன்."

"முப்பது வருஷமா அசந்துக்கிட்டேதான் இருக்கீங்கப்பா."

மகள் கேட்ட நாலு கேள்விக்கு வரவேற்பு மேசையிலிருந்த பெண் எட்டு மன்னிப்புச் சொன்னாள். பின்னாலேயே ஒரு பழத்தட்டும் வந்தது. அம்மா ஒரு துண்டைக்கூடத் தொடவில்லை.

"அவளைக் கூப்பிட்டுத் திட்டியிருப்பாங்க. இந்தப் பழம் எனக்கு இறங்குமா?"

மறுநாள் மூலைகள் நேராக இருந்தன. கட்டில் நடுவே வெள்ளைத் துண்டில் ஓர் அன்னம். அன்னமாகத்தான் தொடங்கியிருக்க வேண்டும். கழுத்து முறிந்த வாத்தாக விழுந்து கிடந்தது. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஸ்கூல் லீவுல உன்னை எங்க துணி அறைக்குக் கூட்டிட்டுப் போவேனே, ஞாபகம் இருக்கா? துண்டுல முயல் செஞ்சு குடுத்தாதான் வீட்டுப்பாடம் எழுதுவே."

எப்படி மறக்கும்? இஸ்திரிச் சூடு ஆறாத விரிப்புகளை அடுக்கி, அதன் மேல் உட்கார்ந்துதான் அவள் வாய்ப்பாடு படித்தாள். சூப்பர்வைசரின் செருப்புச் சத்தம் கேட்டதும் அம்மா அவளைப் போர்வைக் குவியலுக்குள் செருகிவிடுவாள். சோப்பு வாசமும் இருட்டுமாக அங்கே இருந்த வெதுவெதுப்பு இந்த மெத்தையில் இல்லை. அது நினைவுக்கு வந்ததும் அவளுக்கு எல்லோர் மீதும் கோபம் வந்தது. அப்பா மீது கொஞ்சம் கூடுதலாக.

மூன்றாம் நாள், கட்டில் சுண்டினால் சத்தம் வரும்போல இறுகியிருந்தது. மேல் போர்வையின் ஓரம் மட்டும் சின்ன முக்கோணமாக மடங்கியிருந்தது.

மகள் குனிந்து பார்த்தாள். அது அம்மாவின் மடிப்பு. அலுத்து வருகிறவர்கள் எங்கே நுழைவதென்று தேடக் கூடாது என்று, வீட்டில் பழைய மெத்தையின் மேலும் அப்படித்தான் மடித்து வைப்பாள்.

"நீதாம்மா செஞ்சிருக்கே!"

"சத்தியமா நான் தொடலடி! உன்கூடத்தானே தண்ணியில கிடந்தேன்."

"துண்டு எடுக்கறேன்னு முன்னாடியே மேல வந்தியே?"

"அஞ்சு நிமிஷம்டி!"

"உனக்கு அஞ்சு நிமிஷம் போதாதா?"

அம்மாவின் முகம் சுருங்கியது. "எனக்காக ஒருத்தி இவ்வளவு அழகா விரிச்சு வெச்சிருக்கா. அதைக்கூட நம்ப மாட்டேங்கறியே."

"அவதான் தொடலைங்கறாளே, விடு பாப்பா," என்றது செய்தித்தாள்.

"நீங்க பேசாதீங்கப்பா! என்னைக்காவது ஒரு போர்வையை மடிச்சிருக்கீங்களா?"

செய்தித்தாள் இன்னும் ஒரு சாண் உயர்ந்தது.

ஊருக்குக் கிளம்பும் நாள், அம்மா வரவேற்பு மேசையில் பாராட்டுச் சீட்டு ஒன்று கேட்டு வாங்கினாள்.

"இத்தனை வருஷத்துல என் பேரைப் போட்டு ஒருத்தர்கூட எழுதினதில்ல. எங்க கட்டிலை விரிக்கிறவ பேரைப் போட்டு நான் எழுதணும். கொஞ்சம் கூப்பிடுங்க."

"நான் போய்ப் பெட்டியைக் காருல வைக்கிறேன்," என்ற அப்பா, முழங்கால் வலியை மறந்து ஓட்டமும் நடையுமாக வெளியேறினார்.

அறைகளைச் சுத்தம் செய்யும் பெண், ஈரக் கையை உடுப்பில் துடைத்தபடி வந்து நின்றாள். அம்மா பேனாவைத் திறந்ததும் அவள் பதறிப் போனாள்.

"ஐயோ, எம் பேரைப் போட்டுடாதீங்கம்மா! மொத நாளு நான் வாங்கின திட்டுகூட உங்க வீட்டுக்காரருக்குச் சேர வேண்டியது. தினமும் வாசல்லயே விரிப்பை வாங்கிக்கிட்டு, 'நான்தான் விரிப்பேன், எப்படின்னு மட்டும் சொல்லிக் குடும்மா'ன்னு நிப்பாரு. ஆனா அந்த முக்கோணம் எங்க ஓட்டல்ல யாருக்குமே தெரியாது, 'முப்பது வருஷமா அதுக்குள்ளதானே நுழைஞ்சு படுக்கறேன்'னு அவர்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தாரு!"