யாரும் பேசாத சீசன்

"இந்த ஒத்தைச் சாக்ஸ் யாரோடது?"

உடை மாற்றும் அறையில் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

துண்டு மறுபடி கேட்டார். சாக்ஸை உயர்த்திக் காட்டினார். பெஞ்சிலிருந்து ஒரு நீண்ட கை வந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போனது. அணியிலேயே உயரமான ஒட்டடைக்குச்சியின் கை. அவன் காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக்கூடக் கழற்றவில்லை.

பிள்ளைகள் கட்டுப்பாடாக இருக்கிறார்கள் என்று துண்டு தலையை ஆட்டிக்கொண்டார்.

'துண்டு' என்பது அவர் பெயரில்லை. அந்தக் கூடைப்பந்து அணியின் துணிமணிகளைத் துவைத்து, மடித்து, ஊர் ஊராகத் தூக்கிப் போவது அவர் வேலை. ஆட்டக்காரர்களுக்கு அவரிடம் தேவைப்பட்டது ஒரே பொருள் என்பதால் அதையே பெயராக்கிவிட்டார்கள். "துண்டு!" என்று ஒரு குரல் வரும். கொடுத்தால் பேச்சு முடிந்தது.

சீசன் தொடக்கத்தில் அணி தோற்றது. சொந்த அரங்கில் தோற்றது, வெளியூரில் தோற்றது, எதிரணியில் பாதிப் பேர் காய்ச்சலில் படுத்திருந்தபோதும் தோற்றது. பிறகு ஒரு நாள் பஸ் வழிதவறி எங்கெங்கோ சுற்றியது. எல்லோரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, கடைசி நிமிடத்தில் அரங்கத்துக்குள் ஓடினார்கள். ஓடிப்போய் ஜெயித்துவிட்டார்கள்.

ஆட்டம் முடிந்ததும் துண்டு, கழுத்து உயரத்துக்குத் துண்டுகளை அடுக்கிக்கொண்டு அறை வாசலில் நின்றார். கிளம்பலாமா என்று கேட்க வந்த பஸ் டிரைவர் அவருக்குப் பின்னால் நின்றார். கேப்டன் வாசலை நோக்கிக் கையை நீட்டினான்.

"டேய், கவனிச்சீங்களா? காலையிலேருந்து இவர்கிட்ட நாம ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசல. அதான்டா ராசி! இனிமே தோக்கிற வரைக்கும் எவனும் இவர்கிட்ட வாயைத் தொறக்கக் கூடாது."

"பாவம் கேப்டன்," என்றான் ஒட்டடைக்குச்சி.

"பாவமாவது புண்ணியமாவது. கப்பு வேணுமா, வேணாமா?"

துண்டுகளுக்குப் பின்னால் துண்டின் முகம் சிவந்துபோனது. பல சீசன் பார்த்தவர் அவர். தன்னை ஒருவன் கவனித்துக் கைகாட்டியது இதுதான் முதல் முறை.

அணி அடுத்த ஆட்டத்தையும் ஜெயித்தது. அதற்கடுத்ததையும்.

யாராவது வாய் தவறி "துண்டு" என்று கேட்டுத் தொலைத்தால் ராசி போய்விடுமே என்று அவருக்குப் பயம். அதனால் ஆட்கள் வருவதற்கு முன்பே ஒவ்வொரு நாற்காலியிலும் துண்டைப் போட்டுவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். இருந்த ஒரு வார்த்தையும் அத்தோடு நின்றது.

பஸ்ஸிலும் மயான அமைதி. ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசிக்கொண்டே வண்டி ஓட்டியதால் டிரைவருக்கு 'ரேடியோ' என்று பெயர். அந்த ரேடியோவே அணைந்துவிட்டது. கேப்டன் பேச்சுக்கு டிரைவர்கூட எப்படிக் கட்டுப்படுகிறார் என்று துண்டு வியந்தார்.

அவர் அறையில் இருந்தது ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு பழைய ஃபிரிட்ஜ். எது சொன்னாலும் ஃபிரிட்ஜ் 'உம்' கொட்டும். மற்றபடி ஞாயிற்றுக்கிழமை அக்காவின் போன். அந்த வாரம் அவரால் அடக்க முடியவில்லை.

"என்னாலதான் ஜெயிக்கிறாங்கக்கா. என்கிட்ட யாரும் பேசாம இருக்கிறதுதான் ராசியாம்."

"உன்கிட்டயா?"

"கேப்டனே கைகாட்டிச் சொன்னான்."

பின்னாலிருந்து மாமாவின் குரல் பாய்ந்தது. அந்த அணி என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். "போனை வைடி முதல்ல! நீ வாராவாரம் அவன்கிட்ட வளவளன்னு பேசித்தான் ஆரம்பத்துல அத்தனை ஆட்டம் போச்சு!"

"மாமா சொல்றதும் சரின்னுதான்டா படுது," என்றாள் அக்கா. "நல்லா சாப்பிடு. தோத்ததும் கூப்பிடறேன்."

அணி தோற்கவில்லை.

சில வாரங்களில், யாராவது திட்டினால்கூடப் போதும் என்று ஆகிவிட்டது அவருக்கு. திட்டும் பேச்சுதானே? ஒட்டடைக்குச்சியின் ஷார்ட்ஸைக் குள்ளனின் நாற்காலியிலும், குள்ளனுடையதை ஒட்டடைக்குச்சியின் நாற்காலியிலும் வைத்தார். வைத்துவிட்டு, திட்டு வாங்க வசதியாகப் பக்கத்திலேயே நின்றார்.

"டேய், இதுல நான் குடும்பம் நடத்தலாம்டா," என்றான் குள்ளன், ஒட்டடைக்குச்சியிடம்.

"எனக்கு மூச்சு முட்டுது," என்றான் அவன், குள்ளனிடம்.

மாற்றிக்கொள்ள நேரமில்லை. அப்படியே ஆடினார்கள். எதிரணி சிரித்துச் சிரித்துப் பந்தைக் கோட்டைவிட்டது. அன்றிலிருந்து அந்த இரண்டு ஷார்ட்ஸும் இடம் மாறியே இருக்க வேண்டும் என்று கேப்டன் உத்தரவு போட்டான். இப்படி வைத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்து அவர் செய்தது, துணி துவைக்கும் எவனுக்கும் கை நடுங்கும் காரியம். வெள்ளைச் சட்டைகளோடு ஒரு சிவப்புத் துண்டைச் சேர்த்து வெந்நீரில் போட்டார். மொத்த அணியும் ரோஜாப்பூ நிறமானது.

பயிற்சியாளர் ஒரு சட்டையைத் தூக்கிப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். வாயைத் திறந்தார். துண்டு கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

பயிற்சியாளர் கொட்டாவி விட்டுவிட்டு நகர்ந்தார்.

அந்த ஆட்டத்தில் முன்பு எப்போதும் இல்லாத வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். அடுத்த வாரம் அரங்கமே ரோஸ் சட்டையில் வந்து உட்கார்ந்தது. இந்த அருமையான யோசனைக்காகச் சட்டை தைத்த கம்பெனியைப் பயிற்சியாளர் டிவியில் பாராட்டினார். துண்டு அதை ஃபிரிட்ஜோடு சேர்ந்து பார்த்தார்.

"பாத்தியா?" என்றார்.

ஃபிரிட்ஜ் 'உம்' கொட்டியது.

இப்படியே இறுதி ஆட்டம் வந்துவிட்டது.

அரங்கத்துக்குப் போகும்போது துண்டு, டிரைவருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு ஒருவனை உலுக்கி ஒரு வார்த்தை வாங்கிவிட்டால் போதும். ராசி உடையும், தோற்பார்கள், சாயங்காலம் அக்கா கூப்பிடுவாள். நினைப்பே இனித்தது. திரும்பிப் பார்த்தார். ஒட்டடைக்குச்சி அந்தச் சின்ன ஷார்ட்ஸுக்குள் முட்டியை மடக்கி, நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். சே, என்ன மனுஷன் நான் என்று தோன்றியது.

டிரைவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் ரேடியோவின் கண்கள் அவரையே பார்த்தன. ரேடியோவின் உதடு அசைந்தது. ஏதோ சொல்ல வந்தார்.

துண்டுக்கு நெஞ்சு துள்ளியது. ஆனாலும் சட்டென்று வாயில் விரலை வைத்துத் தலையாட்டினார். வேண்டாம், இன்றைக்கு மட்டும் வேண்டாம்.

ரேடியோவின் முகம் தொங்கிப்போனது. ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

கடைசி நொடியில் கேப்டன் எறிந்த பந்து வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி, போவதா வேண்டாமா என்று யோசித்து, வெளியே விழுந்தது. கோப்பை எதிரணிக்குப் போனது. ரோஸ் அரங்கம் மொத்தமும் தலையில் கை வைத்தது. துண்டின் வயிற்றுக்குள் மட்டும் ஒரு மத்தாப்பு கொளுத்தியதுபோல இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

அறை வாசலில் போய் நின்றார். இனித் தடை இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

ஒவ்வொருவனாக வந்து துண்டை எடுத்தான், துடைத்தான், தரையில் போட்டுவிட்டுப் போனான். துக்கம், பாவம் என்று நினைத்துக்கொண்டார். குனிந்து பொறுக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் வெளியே பஸ்ஸிலிருந்து ஒரே பேச்சுச் சத்தம். திட்டு, புலம்பல், நடுநடுவே சிரிப்பு. இவர் அழுக்குத் துணியைக் கூடைக்குள் அமுக்கினார்.

"அண்ணே, கூடையை ஒரு பக்கம் நான் பிடிக்கட்டுமா?"

வாசலில் ரேடியோ நின்றிருந்தார். துண்டுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"பேசிட்டீங்களே! அத்தனை பேர்ல முதல்ல நீங்கதான் பேசியிருக்கீங்க! தடைதான் போயிடுச்சுல்ல?"

"போயிடுச்சுண்ணே, அப்பாடா!" ரேடியோ கூடையின் ஒரு காதைப் பிடித்துத் தூக்கினார். "அன்னைக்கு வழி தப்பினதுக்குக் கோவிச்சுக்கிட்டு எவனும் என்கிட்ட பேசல, ஜெயிச்சதும் அதுதான் ராசின்னு கேப்டன் என்னைக் கைகாட்டிட்டான், நீங்ககூட எனக்கு முன்னாடி நின்னீங்களே; சரி, தடை ஆடுற பசங்களுக்குத்தானே, அண்ணன்கிட்டயாவது நாலு வார்த்தை பேசுவோம்னு கண்ணாடியில பாத்தா, நீங்களும் வாயில விரலை வச்சிட்டீங்க!"