சேவிகாம்மா வைத்த மருந்து

பயிற்சி நிலையத்திலிருந்து அப்போதுதான் வெளியே வந்த கிராம சேவிகாவைவிடப் பெரிய முட்டாள் இந்த உலகத்தில் கிடையாது. அறுபதுகளின் கடைசியில் பொன்னேரிப் பக்கம் ஒரு நெல் கிராமத்துக்கு, பெண்களுக்கு விவசாயமும் வீட்டுத் தோட்டமும் சொல்லித்தர, அரசாங்கத்தில் அப்படி ஒருத்தியை அனுப்பினார்கள். நான்தான் அது.

ஊரில் எலித் தொல்லை. எல்லா வீட்டிலும் ஒரே நாளில் எலி மருந்து வைக்கப் பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டும். அன்றைக்கு வட்டார வளர்ச்சி அதிகாரி வந்து பார்த்துத் திருப்திப்பட்டால் என் வேலை நிரந்தரமாகும். ஆனால் ‘எலி’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, படித்தவள் ஆயிற்றே. ‘கொறிக்கும் பிராணிகளுக்கு மருந்து வைக்கும் முறை’ என்று தண்டோரா போடச் சொன்னேன். தண்டோராக்காரர் வாய்க்குள் நுழையாததை விட்டுவிட்டு மிச்சத்தை ஊரெல்லாம் சொன்னார்: “சேவிகாம்மா பொம்பளைங்களுக்கு மருந்து வைக்க சொல்லித் தராங்கோ.”

(மருந்து வைப்பது என்றால் தெரியும்தானே? சோற்றில் எதையோ கலந்து கொடுத்துப் புருஷனை முந்தானையில் முடிந்துகொள்வது.)

அதுவரை என் கூட்டத்துக்கு எட்டிக்கூடப் பார்க்காத பெண்கள் அன்று அலைமோதினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

“இந்தப் பிராணி ரொம்ப சந்தேகப் பிராணி. புதுசா எதையும் உடனே தின்னாது. முதல்ல வெறும் அரிசிமாவை எண்ணெயில பிசைஞ்சு உருட்டி வைங்க. நம்பிக்கை வந்ததும் மருந்து கலந்துக்கலாம்” என்றேன்.

“எங்க ஊட்டுதும் சந்தேகப் பிராணிதாம்மா” என்றாள் முன்வரிசையில் இருந்த கன்னியம்மா. “துன்னா சீட்டாட்டத்துக்குப் போவாதா?”

கிராமத்து ஜனங்களின் நகைச்சுவை என்று நினைத்துப் பெருந்தன்மையாகச் சிரித்தேன். “எங்கேயும் போகாது. வீட்டுக்குள்ளேயே சுருண்டு கிடக்கும்.”

அன்று ராத்திரியே பல தட்டுகளில் அரிசிமாவு உருண்டை விழுந்தது. (மருந்து டப்பா என் பெட்டியில் பூட்டியிருந்தது. இல்லாவிட்டால் இதை ஜெயிலிலிருந்து எழுதிக்கொண்டிருப்பேன்.) இது இன்னா என்று கன்னியம்மாவின் புருஷன் கேட்க, சேவிகாம்மா கொடுக்கச் சொன்னார்கள் என்று அவள் வெட்கப்பட்டிருக்கிறாள். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து ஆண்பிள்ளை ஒருவனும் வீட்டில் கை நனைக்கவில்லை. அத்தனை பேரும் சைக்கிள் மிதித்துப் பொன்னேரி ஓட்டலுக்குப் போனார்கள். அந்த மூஞ்சிகளை மயக்கி வைத்துக்கொள்ள ஒரு மருந்து வேறு தேவையா என்று ஒருத்தனாவது கண்ணாடியைப் பார்த்து யோசித்திருக்கலாம்.

அதிகாரி வந்தார். அவர் எங்கள் ஊருக்கு வருவது விவசாயத்துக்காக அல்ல, பஞ்சாயத்துத் தலைவர் வீட்டு இறால் குழம்புக்காக. நானும் கூடப் போயிருந்தேன். இலை போட்டு, குழம்பும் ஊற்றியாயிற்று. தலைவர் அவர் கையைப் பிடித்தார்.

“வாணாம் சார். நம்ம சேவிகாம்மா எல்லாப் பொம்பளைங்களுக்கும் மருந்து வைக்க சொல்லிக் குடுத்துட்டாங்கோ. நானே ஓட்டல்ல நாஷ்டா துன்னுகினு வரேன்.”

அதிகாரி குழம்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “என்னம்மா இது?”

“கொறிக்கும் பிராணிகளுக்கு, சார்.”

“அப்படின்னா?”

“எலி, சார்.”

வாசலில் மற்றப் பெண்களோடு வேடிக்கை பார்த்து நின்ற கன்னியம்மாவின் முகம் விழுந்துவிட்டது. “எலிக்கா? அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? ரெண்டு நாளா எண்ண தண்டம்.” பெண்கள் ஏமாற்றத்துடன் கலைந்து போனார்கள். அதிகாரி எதற்கும் இருக்கட்டும் என்று இலையை மூடிவிட்டு எழுந்தார். வயிறு காய்ந்த அதிகாரி எழுதும் அறிக்கை எப்படியிருக்கும்? வேலை நிரந்தரமாகவில்லை. என்னைக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தூக்கியடித்தார்கள்.

அங்கே என் பெயர் எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. வீட்டுத் தோட்டத்தில் கத்தரி வைப்பது பற்றி நான் நடத்திய முதல் கூட்டத்துக்கே பெண்கள் இடம் போதாமல் நின்றார்கள். புது அதிகாரி அசந்துபோய் வேலையை நிரந்தரமாக்கினார். எதற்காக வந்தார்கள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகும் இது தீரவில்லை. நான் சொன்னதற்காக என் கணவர் கடைக்குப் போய்த் தயிர் வாங்கி வந்தால்கூட என் நாத்தனார் ஊர் கேட்கச் சொல்வாள்: “எங்க அண்ணனுக்கு வெச்சது கவர்மெண்டு மருந்து. அதுக்கு முறிவே கெடையாது.”