ஜீப்பு வாத்தியாரின் ஐந்தாம் வகுப்பு

போடி ஜீப்பு டிரைவர்கள் கொண்டை ஊசி வளைவுக்குப் பயந்ததில்லை, யானைக்குப் பயந்ததில்லை, செக்போஸ்ட்டுக்குக்கூடப் பயந்ததில்லை. அவர்கள் பயந்ததெல்லாம் ஒரே ஓர் ஆளுக்குத்தான். அவர் எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்தின் ஐந்தாம் வகுப்பு வாத்தியார். ஞானஸ்நானத்தில் அவருக்கு என்ன பெயர் வைத்தார்களோ, கோயில் பதிவேட்டுக்குத்தான் தெரியும். ஊருக்கு அவர் ஜீப்பு வாத்தியார்.

எழுபதுகளில் நான் அங்கே மூன்றாம் வகுப்பு டீச்சர். மலைத் தோட்டங்களில் ஏலக்காய் பறிக்கிற எடுப்பு தொடங்கிவிட்டால் என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளைக் காணாது. அவர் வகுப்பில் முக்கால்வாசியைக் காணாது. ஏலச்செடி தூரடியில் காய்க்கிறது. குனிந்து குனிந்து பெரியவர்களுக்கு இடுப்பு விட்டுப்போகும், பிள்ளைகளுக்கு உட்கார்ந்தால் போதும். அதனால் ஆத்தாக்காரிகள் பிள்ளைகளையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, விடிந்ததும் மலைக்குக் கிளம்பிவிடுவார்கள். நாங்களெல்லாம் மிச்சம் இருக்கிற பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டு சும்மா இருந்தோம். அவர் ஒருத்தர்தான் ஜீப்பு நிற்கும் இடத்துக்கே போனார்.

போய் என்ன செய்வார்? பானட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். வெள்ளை வேட்டி, கையில் வருகைப் பதிவேடு. உள்ளே அடைந்து கிடக்கும் கூட்டத்தைப் பார்த்துப் பெயர் பெயராக வாசிப்பார். பழக்க தோஷத்தில் அதுகளும் "உள்ளேன் ஐயா" என்று சொல்லி மாட்டிக்கொள்ளும். சொன்ன பிள்ளையைக் கையைப் பிடித்து இறக்கிவிடுவார். டிரைவர் ஹாரனை அமுக்க அமுக்க, இவர் பானட்டிலிருந்தே பதிமூன்றாம் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

பிள்ளைகளைக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்க்கத்தான் இந்த மனுஷன் இப்படி அலைகிறார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. ஒரு பெரியவர் முகத்துக்கு நேரே கேட்டும்விட்டார்.

"வேதத்துல சேக்குறது சாமியாரு சோலி அப்பு. எஞ்சோலி வாய்ப்பாடு. பதினாறு வரைக்கும் சொல்லிட்டா, பெறகு எந்தச் சாமிய வேணும்னாலும் கும்புடட்டும்," என்றார் வாத்தியார். இது பாதிரியார் காதுக்கும் போனது. அந்தப் பழைய பாதிரியார் தங்கமானவர், சிரித்துக்கொண்டார்.

இன்னொரு நாள் ஒரு தாய் மடக்கினாள். "எம்மகள எறக்கிவிட்டா அவ கூடைய யாரு நெறப்புவா? நீங்க வந்து நெறப்புவீகளா?"

அவள் என்னவோ கேலியாகத்தான் கேட்டாள். இவர் அடுத்த சனிக்கிழமையே மலையேறிவிட்டார். விளைந்த காயை மட்டும் எடுக்க வேண்டும், பிஞ்சை அடுத்த எடுப்புக்கு விட்டுவைக்க வேண்டும் என்பது தோட்டத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். வாத்தியாருக்குத் தெரியாது. ஒரு வரிசை முழுக்கப் பூவும் பிஞ்சும் சரமுமாக உருவிக் கூடையைக் குவித்து, பெருமையாகக் கொண்டுபோய் வைத்தார். கங்காணி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாராம். திங்கட்கிழமை அந்தப் பிள்ளையைக் கங்காணியே பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விட்டார். "இவ இங்கயே படிக்கட்டும் வாத்தியாரே. நீங்க மட்டும் தோட்டத்துப் பக்கம் வந்துராதீக," என்று கும்பிட்டார்.

எண்பதுகள் பிறந்ததும் புதிதாக ஒரு பாதிரியார் தாளாளராக வந்தார். அவரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூரை ஒழுகியது. ஏலக்காய் வியாபாரிகள் பிள்ளைகளை இங்கிலீஷ் படிக்க மதுரை விடுதிகளுக்கு அனுப்பினார்கள். எங்கள் கோயிலுக்கு வரும் குடும்பங்களும் அதையே செய்தன. இங்கிலீஷ் வகுப்பு தொடங்காவிட்டால் பள்ளிக்கூடம் நிற்காது என்பது அவர் கவலை. அடுத்த ஜூனில் தொடங்க வேண்டும், அதற்குள் ஓர் அறையைக் காலி செய்து, ஒழுகலை அடைத்து ஒக்கிட வேண்டும். எடுப்புக் காலமானதால் ஐந்தாம் வகுப்பில் அப்போது ஒன்பது பேர்தான் வந்துகொண்டிருந்தார்கள். கிறிஸ்துமஸ் லீவோடு அந்த வகுப்பை மூடிவிடலாமா என்று ஆசிரியர் கூட்டத்தில் கேட்டார்.

ஜீப்பு வாத்தியார் எழுந்தார். அவர் தணிந்து பேசி அன்றுதான் கேட்டேன். "ஃபாதர், தை பொறந்தா எடுப்பு முடிஞ்சிரும். பிள்ளைக எறங்கி வந்துரும். அதுவரைக்கும் பொறுங்க. இந்தப் பள்ளிக்கூடத்தக் கட்டுனதே அதுகளுக்குத்தான்."

தாளாளர் நியாயமாகவே நடந்துகொண்டார். பொறுக்கலாம் என்று நினைக்கிறவர்கள் கை தூக்குங்கள், பாதிப் பேர் தூக்கினாலும் மூடவில்லை என்றார். நாங்கள் மொத்தம் எட்டுப் பேர். வாத்தியார் கையோடு சேர்த்து மூன்று கைகள் எழுந்தன. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். இங்கிலீஷ் வகுப்பில் என் மகளுக்கு இடம் சொல்லி வைத்திருந்தேன். தாளாளர் மனம் கோணிவிடுமோ என்று என் கை மடியிலேயே கிடந்தது. அதற்கெல்லாம் கோபிக்கிற மனிதரே இல்லை அவர் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

தை மாதம் பிள்ளைகள் வந்து கேட்டில் நின்றன. உள்ளே அறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் அத்தனை பேரையும் வரிசையாக நகராட்சிப் பள்ளிக்கு அழைத்துப்போய் ஒவ்வொருவராகச் சேர்த்துவிட்டு வந்தார். அடுத்த எடுப்பில் அதுகளில் பாதி மறுபடி ஜீப்பில் ஏறிவிட்டது. பெயர் வாசித்து இறக்கிவிட, அந்தப் பதிவேடு இப்போது அவர் கையில் இல்லை.

ஒருநாள் தாளாமல் அவரிடம் போய் நின்றேன். மகளுக்கு இடம் சொல்லி வைத்திருந்ததைச் சொன்னேன்.

"விடுங்க டீச்சர். ஒங்க மகளும் பிள்ளதான. அது நல்லாப் படிக்கட்டும்," என்றார்.

அவள் நன்றாகத்தான் படித்தாள். வாத்தியார் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே வேறொரு வகுப்பு எடுத்து ஓய்வு பெறும்வரை அவளைப் பற்றித் தினமும் விசாரிப்பார். அதில் ஒரு குத்தலும் இருக்காது. இரண்டு வார்த்தை திட்டியிருந்தாலாவது என் பாரம் குறைந்திருக்கும். அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் மனதார நேசித்த மனிதர் அவர் ஒருவர்தான். அவர் என்னிடம் கேட்டதும் அந்த ஒரு கையைத்தான்.