பஹாயா அங்கிளும் லோரிக்கு வந்த காய்ச்சலும்

ஐம்பத்து மூன்று வயதில், என் முழங்கால் உயரம்கூட வராத ரிமோட் லோரி ஒன்றுக்கு, நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் வைத்து வாகன பூஜை போட்டவன் நான். அது என் யோசனை இல்லை என்று இப்போது சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை. தட்டைப் பிடித்திருந்த கை என்னுடையது என்பதற்கு என் மனைவி விமலாவின் கைப்பேசியில் வீடியோ இருக்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஜொகூர் வரை பார்த்துவிட்டார்கள்.

யோசனை பஹாயா அங்கிளுடையது. கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் வரை பயந்தவர்கள் ஏராளம். ஆனால் பயத்தை முழுநேர வேலையாக, ஒருநாள்கூட லீவு போடாமல் பார்த்தவர் அவர் ஒருவர்தான். பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் எங்களுக்கு எதிர்வீடு. மின்சாரப் பெட்டிகளின் மேல் சிவப்பு எழுத்தில் ‘ஆபத்து’ என்று மலாயில் போட்டிருக்குமே, அந்த ‘பஹாயா’வை மூச்சுக்கு மூச்சு சொன்னதால் அதுவே அவர் பெயராகிவிட்டது. சொந்தப் பெயரை அவர் வீட்டு மின்சார பில் மட்டுமே அறியும்.

அந்தப் பயத்துக்கு நியாயமும் இருந்தது. முப்பது வருடம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, எரிந்து முடிந்த வீடுகளுக்குப் போய், எதனால் எரிந்தது என்று ரிப்போர்ட் எழுதியவர். ரைஸ் குக்கரைப் பார்த்தால் நமக்குச் சோறு தெரியும். அவருக்குச் சாம்பல் தெரியும். எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் பிளக்குகளை நலம் விசாரிப்பார், பிறகுதான் எங்களை.

“கிள்ளான்ல ஒரு வீடு, தம்பி. அயர்ன் பாக்ஸ். ஒரே ஒரு அயர்ன் பாக்ஸ்…” என்று தொடங்கிக் கண்ணை மூடிக்கொள்வார். மீதியைச் சொல்ல மாட்டார். அந்த மீதியை நான் பல மாதம் கனவில் பார்த்தேன்.

தீபாவளிக்குப் பிள்ளைகள் மத்தாப்பைச் சுற்றிக்கொண்டு ஓடினால், பின்னால் மணல் வாளியோடு இவர் ஓடுவார். ஒருமுறை கீழ்மாடி ஆன்டி ஒருவர் ஏற்றிவைத்த ஊதுவத்தியை மணலில் குத்தி அணைத்துவிட்டார்.

“சாமி கோவிச்சுக்காதா அங்கிள்?” என்று கேட்டாராம் அந்த ஆன்டி.

“சாமிக்குத் தெரியும்லா. நான் எழுதுன ரிப்போர்ட்டுல பாதி சாமி ரூம்ல ஸ்டார்ட் ஆனதுதான்.”

இப்படிப்பட்டவரின் எதிர்வீட்டில்தான் நான் லோரி வாங்கி வந்தேன். டாக்டர் என்னைத் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். சும்மா நடப்பானேன், ஒரு லோரியின் பின்னால் நடக்கலாமே என்று சுபாங் ஜெயாவில் உள்ள கடைக்குப் போய் வாங்கினேன். காரில் போய்த்தான்.

அங்கிள் அதைச் சுற்றிவந்து பார்த்தார். பேட்டரியைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினார். பிறகு, “பூஜை போடாம புது வண்டிய எடுப்பாங்களா? பஹாயா லா, தம்பி!” என்று எலுமிச்சம்பழத்தோடு திரும்பி வந்தார். எலுமிச்சை நசுங்கியது, குங்குமம் வைத்தாயிற்று, கற்பூரமும் காட்டினேன். ஏற்றவில்லை. ஏற்ற அவர் விடவில்லை. ஏற்றாத கற்பூரத்தை மூன்று சுற்று சுற்றி, லோரிக்கும் அவருக்கும் காட்டினேன். கண்திருஷ்டிக்கு ஒரு நீளக் கறுப்புக் கயிற்றை முன் பம்பரில் அவரே கட்டினார். “இனிமே இந்தச் சக்கரத்த யாரும் கழட்டக் கூடாது. பூஜை போட்ட சக்கரம்” என்று கட்டளையும் போட்டார்.

முதல் நாள் மொட்டைமாடி கார் நிறுத்துமிடத்தில் ஓட்டினோம். ஐந்து நிமிடத்தில் லோரி திணறி நின்றது. மோட்டாரைத் தொட்டேன், விரலை வாயில் வைத்துக்கொண்டேன். அங்கிள் குனிந்து பார்த்தார்.

“தம்பி, கயிறு எங்க?”

பம்பரில் கயிறு இல்லை.

“அறுந்து போச்சு பாத்தியா? எதையோ தாங்கிட்டுப் போயிருக்கு. நமக்கு வர வேண்டியதுலா அது” என்றார். நல்ல வெயிலில் என் முதுகு சில்லிட்டது.

அன்று முதல் தினமும் மாலையில் எங்கள் வீட்டில் வைத்தியம். பெருந்தொற்று நாட்களில் லாபியில் எல்லார் நெற்றியிலும் சுட்டார்களே, அந்தத் துப்பாக்கி வெப்பமானி ஒன்றை எப்படியோ வாங்கிப் பத்திரமாக வைத்திருந்தார் அங்கிள். அதை மோட்டாரின் நெற்றியில் சுடுவார். மனிதக் காய்ச்சலுக்குச் செய்த கருவி அது. சிவப்பாகிக் கத்திவிட்டு அணைந்துபோகும். “மிஷினே பயப்படுது பாரு!” என்பார். பிறகு என் நெற்றியிலும் ஒரு தடவை சுட்டுப் பார்த்து, “நீ பரவால்ல” என்பார்.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். “பாஸ், வீல் எல்லாம் ஃப்ரீயா சுத்துதா?” என்று கேட்டார். “ஓ, பிரமாதமா சுத்துது” என்றேன். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பூஜை போட்ட சக்கரம் அல்லவா? “அப்போ கியர் பெருசுலா. சின்னப் பல்சக்கரம் போடுங்க” என்றார். போட்டேன். லோரி மெதுவாகப் போனது, அதே சூடு. மோட்டாருக்கு மேல் ஒரு குட்டி ஃபேன் வாங்கி மாட்டினேன்.

அங்கிளின் முகம் வெளுத்தது. “ஃபேனுக்குள்ளயும் ஒரு மோட்டார் இருக்கே, தம்பி. முன்ன எரியறதுக்கு ஒண்ணு இருந்துச்சு. இப்ப ரெண்டு.”

கடைசியில் மோட்டார்மேல் ஈரத்துணி போட்டோம். நான் துணியை நனைக்க, அவர் விசிறியால் வீச, நடுவில் லோரி படுத்திருந்தது. அப்போதுதான் விமலா டீ கொண்டு வந்தாள். மூன்று கப். ஈரத்துணியையும் விசிறியையும் பார்த்தாள்.

“கஞ்சி ஏதாவது வெக்கட்டுமா?” என்றாள்.

பயம் ஒட்டுவாரொட்டி. பங்சார் ஆபீஸில் யாரோ ரொட்டி சுட்டதற்கு நான் மாடிப்படி வரை ஓடியிருக்கிறேன். வீட்டில் லோரியைச் சோபாவிலிருந்து தள்ளி வைத்தேன். பிறகு திரைச்சீலையிலிருந்து தள்ளி வைத்தேன். பிறகு என்னிடமிருந்தே தள்ளி வைத்தேன். ஒரு சாயங்காலம் அதற்குச் சார்ஜ் போட்டுவிட்டு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் ஹாலில் அங்கிளோடு ஒருமுறை ஓட்டிப் பார்த்தபோது கருகல் வாடை கிளம்பியது. விமலா அடுப்படியிலிருந்து வந்தாள். “இன்னொரு தடவ இந்த வாசம் வந்துச்சு, லோரியும் வெளிய, அங்கிளும் வெளிய. பயந்து பயந்தே நீங்க ரெண்டு பேரும் வீட்டக் கொளுத்திருவீங்க” என்றாள்.

அங்கிள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் மனைவி போய்ச் சேர்ந்து சில வருடங்கள். ஒரே மகள் மெல்பர்னில். லோரிக்குக் காய்ச்சல் வந்த பிறகுதான் அவருக்கு மாலையில் போவதற்கென்று ஒரு வீடு இருந்தது. ‘வெளியே’ என்ற சொல் எனக்கு மோட்டாரைவிட அதிகமாகச் சுட்டது. வாடை வராமல் எப்படியாவது அதைக் குணப்படுத்தியாக வேண்டும்.

மறுநாள் மொட்டைமாடியில் கடைசி முயற்சி. அங்கிளும் வந்தார், வாளியோடு. நான் பட்டனை அழுத்தினேன். லோரி முக்கியது, முனகியது, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நேரே ஒரு காரின் அடியில் போய் நின்றுவிட்டது. விமலாவின் கார்.

ரிமோட்டைத் திருகினேன், வரவில்லை. இழை இழையாகப் புகை வந்தது. பின்சீட்டுக்குக் கீழே, பெட்ரோல் டாங்க் இருக்கும் இடத்திலிருந்து.

நான் ரிமோட்டும் கையுமாக நின்றேன். கார் எரிவதைவிட, கார் எரிந்த செய்தியை விமலாவிடம் எந்த வாக்கியத்தில் தொடங்குவது என்பதுதான் பெரிய பயமாக இருந்தது. ‘அது வந்து விமலா’ என்பதைத் தாண்டி எனக்கு ஓடவில்லை. அங்கிள் நிச்சயம் படிக்கட்டை நோக்கி ஓடியிருப்பார் என்று திரும்பினேன்.

அவரைக் காணவில்லை. வாளி மட்டும் நின்றது. காரின் அடியிலிருந்து ஒரு கைலியும் இரண்டு குதிகால்களும் நீட்டிக்கொண்டிருந்தன.

“அங்கிள்! பஹாயா அங்கிள்! வெளிய வாங்க!”

“கத்தாத லா! வாளிய கொண்டா!” என்றது கார்.

எழுபது வயதுக்காரர், ஊதுவத்திக்கு மணல் போட்டவர், புகையும் லோரியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஊர்ந்து வெளியே வந்தார். பேட்டரியைப் பிடுங்கி எறிந்தார். லோரியை வாளி மணலில் தலைகீழாகக் குத்தினார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நெஞ்சு அடித்த அடியில் டாக்டர் சொன்ன உடற்பயிற்சி ஒரு மாதத்துக்கு முடிந்திருக்கும்.

புகை அடங்கியது. மணலுக்கு மேலே நான்கு சக்கரங்களும் வானத்தைப் பார்த்து நின்றன. வேறு எதுவும் செய்யத் தோன்றாமல் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தேன். மூன்று சுற்றின. முன்பக்கத்து ஒன்று அசையவில்லை.

அங்கிளைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். பூஜை போட்ட சக்கரத்தைக் கழற்றினேன். உள்ளே அச்சில் கயிறு இறுகச் சுற்றிக் கருகிக் கிடந்தது. கறுப்புக் கயிறு. அறுந்து விழவில்லை, எதையும் தாங்கிக்கொண்டு போகவுமில்லை. முதல் நாளிலிருந்து சக்கரத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அதை இழுத்து இழுத்துத்தான் மோட்டாருக்குக் காய்ச்சல்.

அங்கிள் அதைக் கையில் வாங்கி, கருகிய முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“முப்பது வருசம் எல்லாரு வீட்டு நெருப்புக்கும் காரணம் எழுதுனேன், தம்பி. இதுக்கு நான்தான் காரணம்.”

“நீங்க நல்லதுக்குத்தானே கட்டுனீங்க அங்கிள்?”

“எல்லாரும் அப்படித்தான்லா சொன்னாங்க” என்றபடி வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

கயிறு போனதும் லோரி பறந்தது. மோட்டார் கைக்கு இதமான வெதுவெதுப்போடு சரி. கருகல் இல்லை, வாடை இல்லை, விமலாவின் நிபந்தனைக்கு வேலையுமில்லை. அங்கிளும் இல்லை. அடுத்த நாள் மாலை வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. எதிர்வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. அதற்குப் பிறகு நானும் லோரியை ஓட்டவில்லை. பயப்பட ஆளில்லாமல் ஓட்டி என்ன செய்ய? விமலா பழக்கதோஷத்தில் மூன்றாவது கப்பையும் தட்டில் வைத்துக் கொண்டுவந்து, திரும்ப எடுத்துப் போனாள்.

இப்போது அவர் மெல்பர்னில், மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே குளிருக்கு வீடு முழுக்க ஹீட்டராம். அந்த ஹீட்டர்கள் என்ன பாடுபடுகின்றனவோ! அவர் கிளம்பும் வரை ஒரு மாலைகூடத் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்படி மறுபடி வரத் தொடங்கியது, அந்த மூன்றாம் நாள் நான் போய் அவர் கதவைத் தட்டியதால்.

“அங்கிள், மோட்டார் லேசா சூடாவற மாதிரி இருக்கு. எனக்கு என்னமோ பயமா இருக்கு.”

அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். வெப்பமானியோடும் வாளியோடும் ஓடி வந்தார். மோட்டாரின் நெற்றியில் சுட்டார். கருவி கத்தவில்லை. குலுக்கிவிட்டு மறுபடி சுட்டார். விரலை வைத்துப் பார்த்தார்.

“ஜில்லுனு இருக்கே, தம்பி?”

நான் ஏதோ சொல்லத் தொடங்குவதற்குள் விமலா டீத்தட்டோடு வந்து நின்றாள்.

“அதுல பேட்டரியே மாட்டல அங்கிள். மேசை மேலதான் கெடக்கு. வாளிய அப்படி ஓரமா வெச்சிட்டு உக்காருங்க, டீ ஆறுது.”