கிழக்கே திருப்பு

தலைமை வாத்தியார் நாற்காலியில் முக்கால்வாசி உட்கார்ந்துவிட்டார் ஜெபமணி வாத்தியார். மீதிக் கால்வாசி வீரபாண்டியின் வாயில் மாட்டிக்கொண்டிருந்தது.

நாற்பத்து நாலாம் வருஷம். கிழக்கே எதிரி வந்துவிட்டான், மேற்கே ஓடினால்தான் பிழைப்பு என்றிருந்த நம் கப்பல் ஒன்று, "கிழக்கே திருப்பு" என்ற ஒரே உத்தரவில் எதிரி மேலேயே பாய்ந்து அவனை மூழ்கடித்த கதையைப் பத்திரிகைகள் பாடித் தீர்த்தன. மெடல் கேப்டன் துரைக்கு. ஆனால் அந்த யோசனையைச் சொன்னது வழி பார்க்கும் அதிகாரியான காமயகவுண்டன்பட்டி வீரபாண்டி என்று மோப்பம் பிடித்தவர் ஜெபமணி. அது எப்படி உதித்தது என்று கண்டுபிடித்து யுத்தப் பிரசாரக் கூட்டத்தில் பேசினால் நாற்காலி உமக்கு, இல்லாவிட்டால் பலவேசம் வாத்தியாருக்கு என்று பள்ளிக்கூட மேனேஜர் சொல்லியிருந்தார்.

லீவில் வந்திருந்த வீரபாண்டி வாயைத் திறந்தால்தானே. ராணுவ ரகசியம் என்று சொல்லிவிட்டு மாட்டுக்குப் புல் போடப் போய்விட்டான். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வண்டி கட்டிக்கொண்டு போனவருக்குக் கிடைத்தது, மேற்கே கம்பத்துக்குத் திரும்பும்போது அவன் தாயார் கஸ்தூரியம்மாள் வாயில் போட்டுக்கொள்ளக் கொடுத்த ஒரு துண்டு வெல்லம்தான். நல்ல உபசாரம் என்று நினைத்துக்கொண்டார்.

வெறுங்கையோடு வந்ததைச் சொல்ல வெட்கப்பட்டு, "கண்டுபிடிச்சாச்சு" என்று மேனேஜரிடம் சொல்லிவைத்தார். அவர் அன்றைக்கே நோட்டீஸ் அடித்துவிட்டார்.

நோட்டீஸுக்குப் பயந்து ஜெபமணி தானே ஒரு யுக்தியை ஜோடித்தார். சாயங்கால வெயில் எதிரியின் கண்ணைக் கூசவைக்கத்தான் கிழக்கே திருப்பினானாம். மேனேஜர் பூரித்துப்போய், மதுரைக்கு வந்திருந்த கப்பற்படை அதிகாரி ஒருவரையே தலைமை தாங்க அழைத்துவிட்டார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

கூட்டத்தில் ஜெபமணி வெளுத்து வாங்கினார். கைதட்டல் ஓயவில்லை. அதிகாரி எழுந்து, இதை எல்லாக் கப்பலுக்கும் பாடமாக வைக்கலாம், மேடையில் இருக்கும் வீரபாண்டி ஒரு 'ஆமாம்' சொன்னால் போதும் என்றார்.

வீரபாண்டி தரையைப் பார்த்தான். "அன்னைக்கு அடைமழைங்க சார்."

பலவேசம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நாற்காலி நழுவுவதைப் பார்த்த ஜெபமணி ஓடிப்போய் முன்வரிசையில் இருந்த கஸ்தூரியம்மாளைப் பிடித்துக்கொண்டார்.

"ஆத்தா, ஒங்ககிட்டயாச்சும் சொல்லியிருப்பாருல்ல? ஏன் கிழக்க திருப்பச் சொன்னாரு?"

"அன்னைக்கு வெள்ளிக்கெழம, மேக்க சூலமுல்ல வாத்தியாரய்யா. பரிகாரத்துக்கு நான் வெல்லம் குடுத்து விட்டிருந்தேன். அத மொத நாளே அந்தக் கேப்டன் தொரை தின்னுப்புட்டாகளாம்."