ஆயுத பூஜைக்கு வந்த மூன்று பிரதிகள்

புதுச்சேரி,
04.10.2025, சனிக்கிழமை.

பெங்களூரில் இருக்கும் மாப்பிள்ளை வெற்றிவேல் அவர்களுக்கு மாமனார் உத்திராபதி எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் சுமலதாவும் நலம். உங்கள் நலமும், துர்காவின் நலமும், உங்கள் அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததா என்பதும் அறிய ஆவல். இங்கே மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. சர்வர் எரிந்துவிட்டது.

போனில் சொல்லியிருக்கலாம். புதன்கிழமையிலிருந்து ஒன்பது முறை சொல்ல முயன்றேன், ஒன்பது முறையும் நீங்கள் மீட்டிங்கில் இருந்தீர்கள். மேலும், முப்பத்தோரு வருடம் மேட்டுப்பாளையம் ஃபேக்டரியில் ஸ்டோர்கீப்பராக இருந்தவன் நான். நடந்ததை வரிசையாக எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அது நடந்ததாகவே எனக்குத் தோன்றும். ஆகவே பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஓர் உதவி கேட்கப்போகிறேன். அது சுமலதாவின் கல்யாணம் சம்பந்தப்பட்டது.

போன வருடம் பொங்கலுக்கு நீங்கள் வந்திருந்தபோதுதான் நம் திருமணத் தகவல் மையத்தின் நோட்டுப் புத்தகங்களைப் பார்த்துத் தலையில் கை வைத்தீர்கள். மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு ஜாதகங்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, பெரிய மார்க்கெட் பின்னால் இருக்கிற நம் மாடி ஆபீஸில் ஒரு சர்வர் வைத்துக் கொடுத்தீர்கள். பிறகு, இது ஒருநாள் கெட்டுப்போகும், அன்றைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டீர்கள். புதுச் சாமான் வாங்கிய அன்றே அது கெட்டுப்போவதைப் பற்றிப் பேசியது உங்கள் அத்தைக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நான் ஸ்டோர்ஸ்காரன், எனக்குப் புரிந்தது. நீங்கள் பல வழி சொன்னீர்கள். ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் போட்டு இரண்டிலும் ஒன்றையே எழுதலாம் என்றீர்கள், பெட்டியோடு போனால் இரண்டும் போகுமே என்று நான் கேட்டேன், நீங்கள் என்னை முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தீர்கள். கிளவுடில் வைக்கலாம் என்றீர்கள். அதற்கு உங்கள் அத்தை, "அது எந்த ஊர்ல இருக்குதுன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள். மும்பையாக இருக்கலாம், சிங்கப்பூராகவும் இருக்கலாம் என்று நீங்கள் சொன்னீர்கள். "ஊரே தெரியாத எடத்துக்கு இத்தன பொண்ணுங்க போட்டோவ அனுப்புறதா? நம்ம மையத்துக்கு ஒரு பேரு இருக்குதுல்ல" என்று முடித்துவிட்டாள். மலிவாகக் கிடைத்த ஒரு பழைய டிஸ்க்கையும் அவள்தான் தட்டிக்கழித்தாள், ஏற்கெனவே ஓர் இடத்தில் வாழ்ந்தது நமக்கு வேண்டாம் என்று.

கடைசியில் நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தீர்கள்: "மூன்று பிரதி. இரண்டு வகை. ஒன்று வெளியே. மூன்றும் ஒருபோதும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது." அதை லாமினேட் செய்து சர்வருக்கு மேலே மாட்டினேன். அதன்படியே நடந்தேன். ஆபீஸில் சர்வர். முத்தியால்பேட்டை வீட்டில் நெட்வொர்க் பெட்டி, தினமும் சாயங்காலம் அன்றன்று மாறியதை மட்டும் தானே இழுத்துக்கொள்ளும். மூன்றாவது, தனி டிஸ்க், என் மைத்துனர் கமலக்கண்ணனின் அரியாங்குப்பம் வீட்டுப் பீரோவில். பிரெஞ்சுக்காரர் காலத்தில் பத்திரத்தின் நகல் ஒன்று, அதைப் பதியும் நொத்தேர் அலுவலகத்தில் பத்திரமாக இருக்குமாம், அதைப் போல என்று அவரிடம் சொன்னேன், அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. சனிக்கிழமைதோறும் சர்வரில் இருப்பதையெல்லாம் ஒரு சின்ன டிரைவில் எடுத்துக்கொண்டு சுமலதாதான் பாலம் தாண்டிப் போய் அந்த டிஸ்க்கில் முழுப் பிரதி ஏற்றிவிட்டு வருவாள். இருபது நிமிட வேலை, மூன்று மணி நேரம் ஆகிவிடும். பாலத்தில் அவ்வளவு நெரிசல். ஆனாலும் ஒரு வாரம்கூட முகம் சுளித்ததில்லை. இந்தப் பொறுப்பை அவள் கல்யாண விஷயத்தில் காட்டியிருந்தால் எனக்கு இன்று இந்த நிலை இல்லை.

நீங்கள் மாதாமாதம் போனில், "பேக்கப்பைத் திருப்பி எடுத்துப் பாத்தீங்களா மாமா?" என்று கேட்பீர்கள். பார்த்தேன் என்று சொல்லியிருக்கிறேன். மன்னிக்கவும். எதுவும் தொலையாதபோது எதைத் திருப்பி எடுப்பது என்று இருந்துவிட்டேன்.

இனி ஆயுத பூஜைக்கு வருகிறேன். போன வருடம் சர்வருக்கு மட்டும்தான் பொட்டு வைத்தோம். அதற்குப் பிறகு நெட்வொர்க் பெட்டி இரண்டு முறை படுத்துக்கொண்டது. அரியாங்குப்பம் டிஸ்க் பீரோவிலிருந்து கீழே விழுந்தது, நல்லவேளையாகக் கமலக்கண்ணன் கால்மேல் விழுந்ததால் டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை. இந்த மூன்று சம்பவத்தையும் உங்கள் அத்தை ஒன்றாகக் கோத்துவிட்டாள். "வேல செய்ற சாமான் எல்லாத்தயும்தான் பூஜையில வைக்கணும். ஆபீஸ்ல இருக்கறதுக்கு மட்டும் மாலையும் மரியாதையும். அரியாங்குப்பத்துல இருக்கறது இன்னா பாவம் பண்ணுச்சு?" என்றாள். லாமினேட் செய்த தாளைக் காட்டினேன். "மாப்ள எழுதனது வேல நாளைக்கு. அன்னிக்கு ஆரும் வேலயே செய்யப்போறதில்லயே" என்றாள். இதற்கு என்ன பதில் சொல்வது? உங்களுக்குத் தெரிந்தால் எழுதவும். சுமலதா மட்டும், "ஒண்ணாவது வெளிய இருக்கட்டும்பா" என்றாள். நான், ஒரு மணி நேரத்தில் என்ன ஆகிவிடும் என்றேன். "சரி, ஒங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

புதன்கிழமை காலை பத்தரைக்கு மூன்றும் ஆபீஸில் ஒன்று சேர்ந்தன. கமலக்கண்ணன் டிஸ்க்கைப் பட்டு வேட்டியில் சுற்றி ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக் கொண்டுவந்தார். மூன்றையும் வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்திச் சரம் போட்டோம். காற்றுப் போகும் ஓட்டைகளை அடைக்காமல்தான் சந்தனம் வைத்தேன், அந்த அறிவு எனக்கு இருக்கிறது. அதற்குப் பிறகு உங்கள் அத்தை, விளக்கு எரியாமல் மூன்றும் செத்த மாதிரி கிடக்கின்றன, தீபாராதனை காட்டும்போது உயிரோடு இருக்க வேண்டும் என்றாள். அது நியாயமாகத்தான் பட்டது. மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினேன். ஆபீஸில் இருப்பது அந்த ஒன்றுதான். சர்வரில் நீலம், பெட்டியில் பச்சை, டிஸ்க்கில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

தேங்காயை அரிவாளால் நான் உடைத்தேன். தண்ணீரைப் பிடிக்கக் கமலக்கண்ணன் சொம்பு வைத்திருந்தார். ஆனால் மற்றக் கையில் போனை வைத்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார், வீடியோவில் நான் சரியாக விழவில்லை என்று ஓரடி பின்னால் போனார். சொம்பும் அவரோடு போனது. தேங்காய்த் தண்ணீர் முழுவதும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இறங்கியது. டப் என்று ஒரு சத்தம். முதலில் ஆரஞ்சு அணைந்தது, பிறகு பச்சை, கடைசியாக நீலம். அப்போது மணி பதினொன்று நாற்பது. ராகு காலத்துக்கு இருபது நிமிடம் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். தேங்காய் அழுகல் இல்லை, வெள்ளை வெளேரென்று இருந்தது. உங்கள் அத்தை அதைச் சகுனம் என்று சொல்லித் தைரியமாக இருக்கிறாள். சுமலதா மூலையில் உட்கார்ந்து பொரியும் கடலையும் தின்றுகொண்டிருந்தாள். மூன்று பிரதியும் கண்ணெதிரே போயிருக்கிறது, இந்தப் பெண்ணுக்குப் பொரி இறங்குகிறதே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

உடனே தூக்கிக்கொண்டு ரிப்பேர்காரரிடம் ஓடலாம் என்றால், பூஜையில் வைத்த சாமானை மறுநாள்வரை நகர்த்தக் கூடாது. வியாழக்கிழமை அவரே வந்து மூன்றையும் மோந்து பார்த்தார். "சார், போர்டெல்லாம் கருகிப்போச்சு. உள்ள இருக்கறத எடுக்கறது எனக்கு மேல" என்று சொல்லிவிட்டு, ஒரு தேங்காய் மூடியும் பழமும் வாங்கிக்கொண்டு போனார்.

அன்றைக்கு விஜயதசமி, நல்ல நாள் என்று பதினோரு குடும்பம் வரன் கேட்டு வந்துவிட்டது. ஜாதகத்தை அவரவர் வீட்டிலிருந்து திரும்ப வாங்கிவிடலாம். ஆனால் நீங்கள் தனியாகப் போட்டுக் கொடுத்த "வேண்டாம்" பட்டியலை யாரிடம் வாங்குவது? யார் யாரைப் பார்த்தார்கள், வேண்டாம் என்று சொன்னது எந்தத் தரப்பில் யார், என்ன காரணம் என்று எத்தனை கட்டம் வைத்திருந்தீர்கள். சொன்னது யார் என்று தனிக் கட்டம் எதற்கு என்று நினைத்தேன், ஆனாலும் காலிக் கட்டம் கண்டால் எனக்குப் பொறுக்காது, எல்லாவற்றையும் நிரப்பினேன். அந்தப் பட்டியல் இல்லாமல் ஞாபகத்தை நம்பி லாஸ்பேட்டைக் குடும்பம் ஒன்றை நேற்று வில்லியனூருக்குப் பெண் பார்க்க அனுப்பினேன். பஜ்ஜி சாப்பிட்டு முடிக்கும்வரை யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பிறகு பையனின் அம்மா சுவரைப் பார்த்து, "இந்தக் கடியாரம் அப்பவே நின்னுபோய்த்தான இருந்துச்சு?" என்று கேட்டிருக்கிறார். பெண்ணின் அப்பா, "நீங்கதான் மாடிப்படி செங்குத்தா இருக்குதுன்னு வேணாம்னவங்களா?" என்று கேட்டிருக்கிறார். இரண்டு தரப்பும் இப்போது ஒன்றுசேர்ந்து என்னைத் திட்டுகின்றன. மையம் தொடங்கிய இத்தனை வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன விஷயம் இது ஒன்றுதான்.

இதெல்லாம் போகட்டும் மாப்பிள்ளை. எனக்கு அந்த மூவாயிரத்துச் சொச்சத்தில் ஒரு பதிவுதான் முக்கியம், சுமலதாவுடையது. அவளுக்கு முப்பத்திரண்டு முடிகிறது. ஊருக்கெல்லாம் வரன் பார்க்கிறவன் வீட்டிலேயே ஒரு பெண் இருக்கிறாளே என்று வாசல் ஏறுகிறவர்கள் ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். பத்தொன்பது வரன் பார்த்தாகிவிட்டது. பத்தொன்பதும் வேண்டாம் வேண்டாம் என்றே போனது. இவளுக்குத்தான் யாரையும் பிடிப்பதில்லை என்று உங்கள் அத்தையிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. போன திங்கட்கிழமைதான் இருபதாவதாக ஒரு வரன் அமைந்தது. பத்துக்கு ஒன்பது பொருத்தம். பதினைந்தாம் தேதிக்குள் போன் செய்யுங்கள், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துவிடுவோம் என்றார் பையனின் அப்பா. விவரத்தைச் சர்வரில் ஏற்றினேன். ஏற்றியாகிவிட்டதே என்று துண்டுச் சீட்டைக் கிழித்துப் போட்டேன். இப்போது எனக்கு நினைவிருப்பது, அந்த அப்பா ஆபீஸ் லேண்ட்லைனில் இருமினார் என்பது மட்டுமே.

ஆகவே, உங்கள் கம்பெனியில் எரிந்த டிஸ்க்கிலிருந்து விவரம் எடுக்கும் மெஷின் இருந்தால் அதோடு உடனே புறப்பட்டு வர வேண்டும். என் காலத்துக்குள் இவளை ஒரு நல்ல இடத்தில் சேர்க்க வேண்டும் என்ற பயத்தில்தான் கேட்கிறேன். சுமலதா இன்று சனிக்கிழமை என்று அரியாங்குப்பம் போயிருக்கிறாள். டிஸ்க்கே இல்லையே, எதற்குப் போகிறாய் என்றேன். "பழகிடுச்சுப்பா" என்றாள். அவளை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். துர்காவுக்கும் உங்களுக்கும் எந்தக் குறையும் வராமல் வீடு நிறைந்திருக்க வேண்டும் என்று நானும் உங்கள் அத்தையும் ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
ப. உத்திராபதி
(ஓய்வுபெற்ற ஸ்டோர்கீப்பர்)

பின்குறிப்பு: மணி மாலை ஆறு. மெஷின் வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் சுமலதா வந்துவிட்டாள். கடிதத்தை வாங்கி நின்றபடியே முழுவதும் படித்தாள், பிறகு கைப்பையிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்து மேசைமேல் வைத்தாள். "மாமா வூட்டு டிஸ்க்குல ஏத்தும்போதெல்லாம் இதுலயும் ஒண்ணு ஏத்திடுவேன்பா. மாசத்துக்கு ஒருவாட்டி திருப்பி எடுத்தும் பாத்துடுறது. எல்லாம் சரியா இருக்குது" என்றாள். இது எங்கே இருந்தது என்று கேட்டேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் படகு எஞ்சினுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் ராஜ்கமலின் மேசை டிராயரில் இருந்ததாம். ஒன்றரை வருடமாக. யாருக்கும் தெரியாததால் பூஜைக்கு யாரும் கேட்கவில்லை.

அவளுடைய லேப்டாப்பில் செருகி, "வேண்டாம்" பட்டியலில் தன் பதிவைத் திறந்து காட்டினாள். பத்தொன்பது வரி. வேண்டாம் என்று சொன்னது, மாப்பிள்ளை வீட்டார் மூன்று, பெண் ஒன்று, பெண்ணின் அப்பா பதினைந்து. மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். பன்னிரண்டாவது வரியில் ராஜ்கமல், அரியாங்குப்பம். காரணம் என்ற கட்டத்தில் "ஆற்றுக்கு அந்தப் பக்கம். தூரம்." என்று நானே அடித்திருக்கிறேன். சுமலதா கோபப்படவில்லை. லாமினேட் செய்த உங்கள் தாளை ஒருமுறை பார்த்துவிட்டு, "டிஸ்க்கு அங்க பத்திரமா இருக்கும்னா நான் இருக்க மாட்டனாப்பா?" என்று கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது மாப்பிள்ளை, கொஞ்சம் அழுகையும் வந்தது. என் கையால் எழுதிய பதிவேட்டை மறுத்துப் பேச எனக்குத் தெரியாது.

அந்தப் பிரதி போன சனிக்கிழமையுடையது, ஆகையால் திங்கட்கிழமை இருமியவர் அதில் இல்லை. தேடப்போவதுமில்லை. பன்னிரண்டாம் தேதி ஞாயிறு ராஜ்கமல் வீட்டுக்குப் பேசப் போகிறோம், நீங்களும் துர்காவும் சனிக்கிழமையே வந்துவிடுங்கள். பன்னிரண்டாவது வரியை நானே அழித்தேன். அழித்த கையோடு நான்கு இடத்தில் பிரதி எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன், இனி என் புத்தி மாறினாலும் அது மாறாமல் இருக்கட்டும்.