பதினாறாவது படம்

டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கேமராவின் பின்கதவு திறந்துகொண்டது. உள்ளே சுருண்டு கிடந்த பிலிம் மேல் காலை பத்தரை மணி வெயில் முழுசாக விழுந்தது.

கண்ணாடிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண்ணாடி என்பது சங்கத்தில் அவருக்கு வைத்த பெயர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊரில் பாதிப் பேரை உட்காரவைத்து, எழுத்துப் பலகையில் கடைசி வரி வரைக்கும் படிக்கவைத்த மனுஷன். தன் கை எந்தக் குமிழைத் தூக்குகிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

அவர் மேல் முழுப் பழியையும் போட முடியாது. அவருடைய சொந்தக் கேமராவில் பிலிமின் வேகத்தை மாற்ற இடப்பக்கக் குமிழைத் தூக்கித் திருப்ப வேண்டும். இந்தக் கேமராவில் அதே குமிழைத் தூக்கினால் பின்கதவு திறக்கும். பத்து வருஷப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது. அவர் வாயைப் பிளந்துகொண்டு பத்து விநாடி பார்த்தார். பிறகுதான் கதவை மூடினார்.

"என்னங்க ஆச்சு?" என்றாள் மனைவி. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. யார் முகம் எப்போது வெளுக்கிறது என்று பார்த்தவுடன் தெரியும்.

"கதவு திறந்துடுச்சு."

"மூடிட்டீங்கல்ல?"

"மூடி என்ன பிரயோஜனம்? வெளிச்சம் பட்டுடுச்சு. உள்ள இருந்த பதினாறு படமும் போச்சு. அதுவும் தலைவர் எடுத்த படம்."

தலைவர் என்றால் சங்கத் தலைவர். சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டு மாடி அறையில் எட்டுப் பேர் கூடுவார்கள். எல்லாரும் பிலிம் பைத்தியங்கள். எடுத்த படங்களை மேஜையில் பரப்பி, ஒருத்தர் படத்தை இன்னொருத்தர் கிழி கிழி என்று கிழிப்பார்கள், வாயால்தான். தலைவருக்கு ஓட்டுநர் உரிமத் தேர்வு நடத்துகிற உத்தியோகம். படத்தைப் பார்த்தாலும் "பாஸ்", "பெயில்" என்றுதான் சொல்லுவார். கண்ணாடிக்கு இதுவரை நாலு பாஸ்.

கடைக்கு வருகிறவர்கள் கண்ணாடியின் பேச்சைக் கேட்க வருவதில்லை. மகன் வெளியூரில். அந்த மேஜையில்தான் அவர் ஒரு படத்தை வைத்தால் ஏழு தலைகள் குனியும். அது இல்லையென்றால் சனிக்கிழமை என்று ஒரு கிழமையே அவருக்கு வேண்டாம்.

"லென்ஸ் துடைக்கிற துணியைக்கூட யாருக்கும் குடுக்காத மனுஷன்டி அவரு. என் கேமரா ரிப்பேர்ல கிடக்குன்னு அவரே கூப்பிட்டுக் குடுத்தாரு. 'பதினாறு எடுத்தாச்சு, மீதி இருபதை நீங்க எடுங்க'ன்னாரு. நம்பிக் குடுத்தாரு."

"போய் உண்மையைச் சொல்லிடுங்க. ஊசி குத்தற மாதிரிதான், ஒரு நிமிஷம்."

"பதினாறாவது படம் என்னன்னு தெரியுமா உனக்கு?"

அவளுக்குத் தெரியவில்லை. தலைவர் தன்னிடம் சொன்னதை அவர் அப்படியே சொன்னார். தலைவர் மனைவியை எல்லாரும் அக்கா என்பார்கள். அந்த அக்காவும் அக்காவின் அம்மாவும் பதினோரு வருஷமாக முகம் பார்க்காமல் இருந்தவர்கள். போன புதன்கிழமை அந்த அம்மா தானாக வந்து சமையலறை பெஞ்சில் மகள் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாராம். அப்போது எடுத்தது. இரண்டு பேரும் சேர்ந்து இருக்கிற ஒரே படம். அக்கா அதற்குப் படச் சட்டமே வாங்கி வைத்திருக்கிறார்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"கண்ணாடி, கேமரா நல்லா இருக்கா?" தலைவர்தான். "பின்கதவு ஒண்ணும் திறக்கலையே?"

"இ... இல்லையே தலைவரே."

"திறந்திருந்தா மறைக்காம சொல்லுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"திறக்கவே இல்ல."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. கண்ணாடி போனை வைத்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தலைவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டதுபோல இருக்கிறதே என்று நினைத்தார்.

கேமரா உறையைத் தடவியபோதுதான் ஒரு வழி கிடைத்தது. உள்ளே ஒரு குட்டி நோட்டு. தலைவர் எதையும் எழுதிவைக்கிற ஆள். ஒவ்வொரு படத்துக்கும் நம்பர் போட்டு, என்ன படம், எங்கே நின்று, எத்தனை மணிக்கு, லென்ஸ் எவ்வளவு திறப்பு, எல்லாம் இருந்தது. பதினாறும் இருந்தது.

"இதைப் பாத்து அப்படியே திரும்ப எடுத்துட்டா?" என்றார் கண்ணாடி.

"வேண்டாங்க" என்றாள் மனைவி. அவர் அதற்குள் அதே வகைக் கறுப்புவெள்ளை பிலிமை மாட்டிக்கொண்டிருந்தார்.

முதல் ஆறு படம் சுலபம். தண்ணீர்த் தொட்டி, சாய்ந்த விளக்குக் கம்பம், இப்படி நகராத சாமான்கள். ஏழாவது, 'மஞ்சள் நாய், தூங்குகிறது, இடது காது மடங்கி.' மஞ்சள் நாய் இருந்தது, ஆனால் தூங்குகிற உத்தேசம் அதற்கு இல்லை. இரண்டு பாக்கெட் பிஸ்கட் போட்டார். அது நன்றி மறக்காமல் தெரு முழுக்கக் கூடவே வந்தது. கடைசியில் மதியம் ஒன்றரைக்கு அவர் நடைபாதையில் அசந்து உட்கார்ந்தபோது பக்கத்தில் படுத்துத் தூங்கியது. மடங்கியது வலது காது.

ஒன்பதாவது, 'தையல்காரர், சிரிக்கிறார்.'

"போன வாரம்தானே தலைவர் சார் வந்து எடுத்தாரு" என்றார் தையல்காரர். "என் சிரிப்பு சரியா விழலையா?"

"நல்லா விழுந்திருக்கு. அதே மாதிரி இன்னொண்ணு வேணும்."

"அன்னைக்கு எதுக்குச் சிரிச்சேன்னு ஞாபகம் இல்லையே."

கண்ணாடி தனக்குத் தெரிந்த மூன்று ஜோக்கையும் சொன்னார். தையல்காரர் அனுதாபமாகக் கேட்டுக்கொண்டார். சரியான தூரத்துக்காகக் கண்ணாடி பின்னால் ஓர் அடி வைத்து, இஸ்திரிக்கு வைத்திருந்த தண்ணீர் வாளிக்குள் காலை விட்டார். தையல்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். வாளிக்குள் நின்றபடியே ஒன்பதாவது படம் எடுக்கப்பட்டது.

"தலைவர் சார் நாளைக்கு பேன்ட் வாங்க வருவாரு, சொல்றேன்."

"சொல்லாதீங்க. அவருக்குத் தெரியக்கூடாது. அவரை ஆச்சரியப்படுத்தறதுக்காக."

"ஓ, பிறந்தநாளா?"

கண்ணாடி வாயைத் திறப்பதற்குள் தையல்காரர் கண்ணடித்துவிட்டார். மறுநாள் மாலை தலைவரிடமிருந்து போன்.

"கண்ணாடி, இன்னைக்கு ஆறு பேரு எனக்குப் பிறந்தநாள் வாழ்த்து சொன்னாங்க. ஊர்ல என்ன நடக்குது?"

"தெரியலையே தலைவரே. வாழ்த்துகள்."

"கேமரா?"

"அப்படியே இருக்கு."

"ஏதாவது ஆகியிருந்தா சனிக்கிழமைக்கு முன்னாடியே சொல்லிடுங்க. மனசுல வச்சுக்கிட்டுக் கஷ்டப்படாதீங்க."

இந்த மனுஷன் விடமாட்டார் போல இருந்தது. கண்ணாடி அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

பன்னிரண்டாவது நம்பரில் நெஞ்சு வலித்தது. 'மூக்குக்கண்ணாடிக் கடை, எதிர்ச் சாரியிலிருந்து. கண்ணாடி தூங்குகிறார். பகல் மூன்று மணி.' கேமராவை மனைவி கையில் கொடுத்துவிட்டு, கடைக்குள் போய் வாயைப் பிளந்து உட்கார்ந்தார். பதற்றத்தில் கண்ணே மூட வரவில்லை. "தினமும் பண்றதுதானே, இன்னைக்கு என்ன?" என்று தெருவைத் தாண்டி அவள் குரல் கேட்டது.

பதினாறாவதுக்கு புதன்கிழமை காலை தலைவர் வீட்டுக்கே போனார். தலைவர் தேர்வு மைதானத்தில் யாரையாவது பெயிலாக்கிக்கொண்டிருப்பார். அக்கா கதவைத் திறந்தார்.

"அக்கா, அந்தப் படத்துல வெளிச்சம் கொஞ்சம் கம்மியா இருக்குமோன்னு தலைவருக்குச் சந்தேகம். இன்னொண்ணு எடுத்து வச்சுக்கலாம்னு... தலைவர்கிட்ட சொல்ல வேண்டாம், அவரு சங்கடப்படுவாரு."

இது எந்த ஊர் நியாயம் என்று அவருக்கே புரியவில்லை. அக்கா அவர் முகத்தையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். எண்ணைப் போடுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்தார். போட்டார்.

அந்த அம்மா பத்தே முக்காலுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "போன தடவை எடுத்தது என்ன ஆச்சு?"

"வெளிச்சம் பத்தலையாம், அம்மா" என்றார் அக்கா.

"வெளிச்சம் பத்தலையா, என் முகம் பத்தலையா?"

"ஆரம்பிச்சுட்டீங்களா?"

"நானா ஆரம்பிச்சேன்? அன்னைக்கும் நீதான் ஆரம்பிச்ச."

அன்றைக்கு என்றால் பதினோரு வருஷத்துக்கு முன்னால் என்று கண்ணாடிக்குப் புரிந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். கண்ணாடி கேமராவை இறக்கினார். படம் போனால் போகிறது, சேர்ந்த குடும்பத்தையும் பிரித்துவிட்டுப் போகப் போகிறோமே என்று உண்மையாகவே அழுகை வந்தது.

போன் அடித்தது. தலைவர். எடுக்காமல் விட்டால் கடைக்கே வந்துவிடுவார்.

"எங்க இருக்கீங்க கண்ணாடி?"

"கடையிலதான் தலைவரே."

சமையலறைச் சுவரில் இருந்த கடிகாரம் சரியாக அப்போது பாட்டுப் பாடிப் பதினொன்று அடித்தது.

"அது என்ன, எங்க வீட்டுக் கடிகாரம் மாதிரி இருக்கு?"

"அதே மாதிரிதான் வாங்கி மாட்டியிருக்கேன். உங்க வீட்டுல பாத்து ஆசைப்பட்டு."

"என்னைக்கு வாங்கினீங்க?"

"உங்க பிறந்தநாள் அன்னைக்கு."

அந்த அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்தினார். அக்காவின் தோள் குலுங்கியது. அம்மா மகளைப் பார்த்தார், மகள் அம்மாவைப் பார்த்தார், இரண்டு தலையும் ஒன்றாக முட்டிக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தன. கண்ணாடி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

"அது என்ன கிளிக்குன்னு?"

"கண்ணாடிக்கூடு மூடினேன் தலைவரே."

மீதி இருபதையும் எதையோ எடுத்துத் தீர்த்து, ரோலை லேபில் கொடுத்து, கேமராவைத் திருப்பி ஒப்படைத்தார். லேபிலிருந்து வருகிற உறையைச் சனிக்கிழமை மேஜையில் எல்லார் முன்னாலும்தான் பிரிக்க வேண்டும் என்பது சங்கத்துச் சட்டம்.

அந்தச் சனிக்கிழமை எட்டுப் பேரும் வந்திருந்தார்கள். எப்போதும் கூட்டத்துக்கு வராத அக்காவையும் தலைவர் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார். உறையைப் பிரிக்காமலே எழுந்து நின்றார்.

"கேமராங்கறது ஒரு நம்பிக்கை" என்று ஆரம்பித்தார். "ஒருத்தரை நம்பி ஒரு பொருளைக் குடுக்கறோம். சில சமயம் அந்த நம்பிக்கை... சரி, யாரையும் குத்தம் சொல்லக்கூடாது. மனுஷன்னா தப்பு நடக்கும். நாம பெருந்தன்மையா மன்னிக்கணும்."

கண்ணாடி வாசல் எவ்வளவு தூரம் என்று பார்த்தார். தலைவருக்குத் தெரிந்துவிட்டது. தையல்காரர் சொல்லியிருப்பார், இல்லை நாயைப் பார்த்திருப்பார்.

தலைவர் சோகமாக உறையைப் பிரித்தார். முதல் படத்தை எடுத்தார். தண்ணீர்த் தொட்டி. இரண்டாவதை எடுத்தார். விறுவிறுவென்று எல்லாவற்றையும் எடுத்தார். நெகட்டிவை விளக்குக்கு நேராகப் பிடித்து ஒன்று, இரண்டு என்று எண்ணினார். நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

"என்ன தலைவரே, பேச்சை நிறுத்திட்டீங்க?" என்றார் ஒரு உறுப்பினர். "இது உங்க படம்தானே? பிரமாதம். தையல்காரர் சிரிப்பு உயிரோட இருக்கு. நம்ம கண்ணாடி தூங்கறது அதைவிட."

"என்... என் படம்தான்" என்றார் தலைவர்.

பதினாறாவது படம் அவர் கைக்கு வந்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். எதிரில் உட்கார்ந்திருந்த கண்ணாடியும் அதைத் தலைகீழாகப் பார்த்தார். பார்த்ததும் உயிர் போயிற்று. சிரிக்கிற இரண்டு தலைகளுக்கு நடுவில், சுவரில் நாள்காட்டி. தினமும் விடிந்ததும் தலைவரே தாள் கிழிக்கிற நாள்காட்டி. பெரிய எழுத்தில் 19. தலைவர் அந்தப் படத்தை எடுத்தது 12ஆம் தேதி. கேமராவைக் கொடுத்தது 15ஆம் தேதி.

பூதக்கண்ணாடி தேதி மேல் வந்து நின்றது. தலைவர் மெதுவாகத் தலையைத் தூக்கிக் கண்ணாடியைப் பார்த்தார். நாலு பாஸும் போயிற்று.

தலைவர் கட்டைவிரலைத் தேதிமேல் வைத்து அழுத்தி மூடினார். அப்படியே எல்லாருக்கும் ஒரு சுற்றுக் காட்டி, அக்காவிடம் கொடுத்தார்.

"பாஸ்" என்றார். குரலே எழும்பவில்லை. தண்ணீர் குடிக்கிறேன் என்று கீழே போனவர் திரும்பி வரவில்லை.

கூட்டம் கலைந்தது. கண்ணாடிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிடித்துவிட்டு ஏன் விட்டார், ஏன் மூடினார். அதற்கு மேல் தாங்காமல் அக்காவிடம் போய் நின்றார்.

"அக்கா, ஒரு உண்மை சொல்லணும். அந்த பிலிமை நான்தான் கெடுத்துட்டேன். குமிழைத் தூக்கிட்டேன், கதவு திறந்துடுச்சு."

அக்கா படத்தைச் சட்டத்துக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க கேமராவைத் தூக்கிட்டு வந்து நின்னப்பவே தெரியும் தம்பி."

"அப்போ ஏன் ஒண்ணும் சொல்லல?"

"சொல்லியிருந்தா, அம்மாவை இன்னொரு தடவை வரச்சொல்ல எனக்கு வேற சாக்கு ஏது?"

"தலைவர் என்னை நம்பிக் குடுத்தாரு அக்கா. அவரு முகத்தை எப்படிப் பார்ப்பேன்?"

அக்கா மாடிப்படியை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவரு முகத்தை நீங்க தாராளமா பாருங்க தம்பி. கேமராவை உங்ககிட்ட குடுக்கறதுக்கு முந்தின நாள், இதே மேஜையில உக்காந்து அவரே அந்தக் கதவைத் திறந்துட்டாரு, காபி கொண்டுவந்த நான் வாசல்ல நின்னு பாத்தேன். கெட்டுப்போன பிலிமை உங்க தலையில கட்டத்தான் கேமராவையே குடுத்தாரு."